உடும்புக்கு ஏற்ற பெயர்

கொக்குத் துரை வந்து சேர்ந்த நாளிலிருந்து ஆத்தோரத் தோட்டத்தில் பெயர் இல்லாமல் எதுவும் இருக்கக் கூடாது என்று ஆயிற்று. மண் பாதைகளுக்குப் பெயர் வைத்தார். வாய்க்கால் பாலத்துக்குத் தன் மனைவியின் பெயரை வைத்துப் பலகை அடித்தார். கொஞ்ச நாளில், வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட காட்டுக்காரர்கள் வந்து அந்தப் பாலத்தைக் கொளுத்தினார்கள். அம்மாள் எரிந்துபோனதாகத்தான் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேச்சு.

துரையின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கால் நீளம், கழுத்தும் நீளம்; வாய்க்கால் ஓரத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே கொக்கு. அது அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் தோட்டம் முழுவதும் ஒற்றுமையாகச் செய்தது.

ஐம்பத்தொன்றாம் வருடம். அந்த ரப்பர்த் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி, சிலாங்கூர் ஆறு வளைகிற இடத்தில் இருந்தது. கொக்குத் துரைக்கு முன்னால் இருந்த பெரிய துரையை, ஆட்களைப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டின்போது ஆபீஸ் படியிலேயே வைத்துக் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். அதற்குப் பதிலாகப் பட்டாளம் வந்து மேட்டு லயத்துக்குத் தீ வைத்தது. சுட்டவர்கள் மேட்டு லயத்தில் இல்லை என்பது பட்டாளத்துக்கும் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் லோரியில் வந்தவர்கள் எதையும் எரிக்காமல் எப்படித் திரும்பிப் போவது? படுக்கையில் கிடந்த முருகையா வெளியே வரவில்லை. வராதது அவருடைய கவனக்குறைவு என்று முடிவாயிற்று. பிறகு மிச்சமிருந்த லயங்களைச் சுற்றி, சனங்களின் பாதுகாப்புக்காக முள்கம்பி போட்டார்கள். அந்தக் கம்பிக்குள் இருப்பவர்களைக் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய அதிகாரிதான் கொக்குத் துரை.

கம்பிக்குள் இருசப்பன் என்றொரு பால்வெட்டுக்காரன் இருந்தான். அரசாங்கத்தைப் பற்றியும் காட்டுக்காரர்களைப் பற்றியும் அவனுக்கு ஒரே அபிப்பிராயம்தான்: இரண்டு பேரும் துப்பாக்கியோடு வந்து அரிசி எங்கே என்று கேட்பார்கள். மற்றபடி அவனுக்கு யாரோடும் பகை இல்லை.

அவனுக்கும் வேலம்மாவுக்கும் அப்போது பிறந்திருந்தது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் பெயர் வைத்த சூட்டோடு போய்விட்டன. மூத்தவனுக்கு இராஜராஜன் என்று வைத்தார்கள்; காய்ச்சலில் போனான். அடுத்தவளுக்கு ஐசுவரிய லட்சுமி, இருமலில் போனாள். சாவுக்குக் காது உண்டு, நல்ல பெயராகக் கேட்டால் எட்டிப் பார்க்கிறது என்று வேலம்மா தெரிந்துகொண்டாள். மூன்றாவதுக்கு முடி இறக்குகிற வரை பெயரே கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

அதோடு விடவில்லை. பிறந்த அன்றே பிள்ளையை முறத்தில் போட்டு, பக்கத்துக் கதவு ஃப்ளோராவிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிற வழக்கம்தான். வாங்குகிறவள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். ஃப்ளோராவுக்கு நாலும் கல்லுப்போல இருந்தன. விற்ற பிறகு பிள்ளை அவளுடையது. பெற்றவள் அவளுக்காக வளர்த்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். சாவு வந்து கதவைத் தட்டினால், எங்கள் பிள்ளை இல்லை என்று மனசறிய நிஜம் சொல்லலாம்.

ஃப்ளோராவின் புருசன் சூசைமுத்து வேதக்காரர். இந்த வியாபாரத்தில் அவருக்கு ரொம்பச் சந்தோசம்.

"உங்க எமனுக்கு எங்க வீட்டு வழி தெரியாதுலா. எங்க வேதத்துச் சம்மனசு உசுர எடுக்க வந்து கேட்டா, இது இந்துப் பிள்ளை, அடுத்த கதவப் பாருன்னு சொல்லிருவேன். ரெண்டு பேரும் அலையட்டும்" என்றார்.

பிள்ளை குறைமாசம். உள்ளங்கையில் அடங்கும். ஆனால் சூசைமுத்து நீட்டிய விரலைப் பிடித்தது, விடவே இல்லை. அவர் கையை உயர்த்தினார். பிள்ளையும் முறத்தை விட்டு உயர்ந்தது.

"இருசப்பா, இது பிள்ளை இல்ல. உடும்பு. நான் பார்க்காத உடும்பா" என்றார். சுருக்குப் போட்டு உடும்பு பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் பேர். அன்றிலிருந்து பிள்ளை உடும்பு. சாவு காதுகொடுத்துக் கேட்டாலும் ஆசைப்படாத பெயர் என்று வேலம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

உடும்புக்கு இரண்டு மாசம் முடிவதற்குள் வேலம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு மார் வற்றிவிட்டது. கம்பிக்குள் இருந்த கடையில் பால் டின் உண்டு. ஆனால் ரேசன் கார்டில் பெயர் ஏறிய பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். பிள்ளை அதைக் குடித்துவிட்டு, ஒன்றுமே குடிக்காதது போல அழுதது. பிறகு அழுவதும் குறைந்தது. அழுகை குறைந்த அன்றுதான் இருசப்பன் ஆபீசுக்குப் போனான்.

துரை இங்கிலீஷில் பேசுவார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி எர்னஸ்ட் அதைக் கோயில் பிரசங்கம் போலத் தமிழில் சொல்வார்.

"பிள்ளையின் பெயர் என்ன?"

"இன்னும் வைக்கலைங்க. உடும்புன்னு கூப்பிடுறது."

கிராணி அதை எப்படிச் சொன்னாரோ, துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மிருகத்தின் பெயரை யார் வைத்துக்கொள்கிறார்கள்? காட்டில் இருப்பவர்கள். போன மாதம் நாங்கள் சுட்டவன் பெயர் கரடி. சரணடைந்து வந்தவன் பெயர் வெள்ளைப் பன்றி. ஒழுங்கான குடிமகனுக்கும் செல்லப்பெயர் இருக்கலாம். ஆனால் அது அவனுடைய முறையான பெயருக்குப் பொருத்தமாக இருக்கும். பொருத்தமில்லாத இரண்டு பெயர்களை வைத்திருப்பவன் எதையோ மறைக்கிறான். ஆகவே உடும்பு என்பதற்குப் பொருத்தமான முறையான பெயர் ஒன்றை இப்போதே சொல். பால் டின் தருகிறேன். யாரையும் பட்டினி போட அரசாங்கம் விரும்பவில்லை. பட்டினி போடுவது காட்டில் இருப்பவர்களை மட்டும்தான்."

"பிள்ளை எங்களுது இல்லைங்க துரை. பேர் வைக்கிற பாத்தியதை எனக்கு இல்ல. வித்துட்டோம்."

இருசப்பன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆபீஸ் சன்னல் வேறு திறந்திருந்தது. வெளியே எது நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதோ யார் கண்டது.

"எதற்கு விற்றாய்?"

"ஒரு படி தவிட்டுக்கு."

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோல சிலாங்கூர் போலீஸ் ஸ்டேசனுக்கு டெலிபோன் செய்து இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். பிள்ளை விற்றது அவர்களுக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. தவிடுதான் கவலையாக இருந்தது. அனுமதியில்லாமல் உணவுப்பொருள் கைமாறியிருக்கிறது.

"தவிடு மனிதர்கள் சாப்பிடுவதில்லைங்க" என்று கிராணி தன் பங்குக்குச் சொன்னார்.

"பன்றி சாப்பிடுகிறது. பன்றியைக் காட்டுக்காரன் சாப்பிடுகிறான். காட்டுக்காரன் என்னைச் சுடுகிறான். ஆக, அந்தத் தவிடு என் நெஞ்சைக் குறிவைத்து வருகிறது" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று மத்தியானம் பட்டாளத்தார் சூசைமுத்து வீட்டுப் பின்புறம் போனார்கள். அங்கே அவர் வளர்த்த தாய்ப் பன்றியைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள். ஒரே குத்தில் அது சாகவில்லை. குடல் சரிந்து இழுபட, லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஃப்ளோராவின் அடுப்படியில் விழுந்தது. குட்டிகளைக் காலைப் பிடித்துத் தூக்கித் தூணில் அடித்தார்கள். ஃப்ளோராவின் பிள்ளைகள் கதவோரம் நின்று பார்த்தார்கள். வேலை முடிந்ததும், அரசாங்கச் சொத்துக்குச் சேதம் எதுவும் ஏற்படவில்லை என்று துரை திருப்தி தெரிவித்தார்.

சூசைமுத்து வாசலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பரவாயில்ல இருசப்பா. தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்காக ஒரு பன்னியையும் சேர்த்துக் கொடுத்தாச்சு. இனிமே அவன் விலை உயர்ந்த ஆளு."

அடுத்த வாரம் பெயர்ப் பொருத்தக் குழு கூடியது. துரை தலைவர். இன்ஸ்பெக்டர், கிராணி எர்னஸ்ட், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி ஆகியோர் உறுப்பினர்கள். விற்றவன் என்ற முறையில் இருசப்பனும், வாங்கியவர் என்ற முறையில் சூசைமுத்துவும் சுவரோரம் நிறுத்தப்பட்டார்கள். பின்னால் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிள் நின்றான்.

"ஜார்ஜ்" என்றார் கிராணி. "ராஜாவின் பெயர். புனித ஜார்ஜ் நெருப்புக் கக்கும் ஒரு பெரிய ஊரும் பிராணியோடு சம்பந்தப்பட்டவர்."

"அவர் அதை ஈட்டியால குத்திக் கொன்னவருங்களே, கிராணி ஐயா. உடும்பக் கொன்னவர் பேர உடும்புக்கு வச்சா பிள்ளை கோவிச்சுக்கும்" என்றார் சூசைமுத்து. கான்ஸ்டபிள் அவர் முதுகில் துப்பாக்கிக் கட்டையால் ஒரு இடி கொடுத்தான். குழுவின் முன்னால் அனுமதியில்லாமல் பேசக் கூடாது என்று கிராணி அந்த இடியை மொழிபெயர்த்தார்.

"நாகராஜன்" என்றார் மண்டோர் நல்லசாமி. "ரெண்டும் ஊருது. ரெண்டுக்கும் நாக்கு பிளந்திருக்கு. கௌரவமான பேரும்கூட, என் மச்சினன் பேரு."

பாம்புக்கு விஷம் உண்டே, உடும்புக்கு உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை என்றார் நல்லசாமி. அப்படியானால் பொருத்தம் முழுமையில்லை என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு பிள்ளைக்கு அவ்வளவு விஷம் தேவையில்லை என்று கிராணி கருதினார். இப்படிப் பேசிக்கொண்டே போகையில் துரை ஒரு உண்மையைச் சொன்னார். அவர் உடும்பைப் பார்த்ததே இல்லை.

"பார்க்காத ஒன்றுக்குப் பொருத்தம் சொல்வது நேர்மையாகாது. ஒரு உடும்பை உயிரோடு இங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும். அதுவரை தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது" என்றார்.

"பாலுங்க துரை?" என்றான் இருசப்பன்.

"பாலும் நிறுத்தி வைக்கப்படுகிறது."

சூசைமுத்து கையை உயர்த்தி அனுமதி கேட்டுவிட்டுப் பேசினார். "நானே புடிச்சுக் கொடுத்துர்றேன் துரை. வெயில் ஏறின பிறகுதான் வாய்க்கால் கரையில அது வந்து படுக்கும். அந்நேரத்துக்குக் கம்பிக்கு வெளிய போகணும்."

பால்வெட்டு முடிந்து எல்லாரும் கம்பிக்குள் வந்து கேட் அடைத்த பிறகு, வெளியே நிற்கிறவன் யாராக இருந்தாலும் காட்டுக்காரன் என்பது சட்டம். துரை யோசித்துப் பெருந்தன்மையோடு கையை வீசினார். "போகலாம். என் வார்த்தையே அனுமதி."

கிராணி அதைத் தமிழில் சொன்னார். நல்லசாமி கேட்டார். இன்ஸ்பெக்டர் அப்போது பைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இருசப்பன், "நாகராஜன்னுதான் முடிவாகும் போல" என்று ஆரம்பிக்கையில் வேலம்மா பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"சத்தமாச் சொல்லாதீங்க. எதையாச்சும் எழுதிக்கிட்டுப் பாலக் கொடுக்கட்டும். நம்ம வாயால கூப்பிட வேணாம்."

மறுநாள் கேட் அடைத்த பிறகு சூசைமுத்து சுருக்குக் கயிறோடு வெளியே போனார். கேட்டில் நின்ற கான்ஸ்டபிளிடம் துரை அனுப்பியதாகச் சொன்னதும் அவன் விட்டுவிட்டான். இருசப்பன் கம்பியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்காலின் அக்கரையில் சூசைமுத்துவின் முதுகு குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இவன் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினார். நல்ல நீளமான உடும்பு. அதன் வாலை வளைத்துக் கழுத்தோடு கட்டி முதுகில் மாட்டிக்கொண்டார்.

அப்போது ரோந்து வந்த பட்டாளம் வெட்டுப் பாதையிலிருந்து வெளியே வந்தது. துரையின் வார்த்தை அனுமதிதான், ஆனால் அது ஆபீஸ் அறையைத் தாண்டி எங்கும் போயிருக்கவில்லை. சூசைமுத்து அவர்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினார். "துரை அனுப்புனாரு" என்று கத்தியது கம்பி வரை கேட்டது. முதல் வெடி தாடையில் பட்டது. மீதியெல்லாம் அவர் விழுந்த பிறகு சுட்டது. தண்ணீருக்குள் பாதியும் கரையில் பாதியுமாகக் கிடந்தவரை ஒருவன் காலால் புரட்டி, இன்னும் ஒரு முறை நெஞ்சில் சுட்டான். இருசப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் முள் ஏறியிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. உடும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவரின் முதுகில் அது நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தோட்டத்துச் சனங்களை லோரிகளில் ஏற்றிக் கோல சிலாங்கூருக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் ஸ்டேசன் திடலில் பிணத்தைப் பலகையில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுட்ட பிணங்களை இப்படி வைத்து, சனங்களை வரிசையாக நடத்தி, யார் என்று கேட்பது அப்போதைய வழக்கம். பக்கத்தில் ஒரு முளையில் உடும்பைக் கட்டியிருந்தார்கள். காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோன உணவு என்பதற்கு அது சாட்சி.

தாடை இல்லாவிட்டாலும் சூசைமுத்துவை எல்லாருக்கும் தெரிந்தது. மண்டோர் நல்லசாமி மேகத்தைப் பார்த்தார். சூசைமுத்துவோடு ஒரே சேப்பலில் முழங்கால் போடுகிற கிராணி எர்னஸ்ட் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பேசினார்.

"அரசாங்கம் மனிதர்களைச் சுடுவதில்லை. பயங்கரவாதிகளைத்தான் சுடுகிறது. இவன் சுடப்பட்டிருக்கிறான். மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம். ஆனால் பயங்கரவாதி என்றால் காட்டுப் பெயர் ஒன்று இருக்க வேண்டும். காட்டுப் பெயர் இல்லாமல் ஒருவன் செத்துக் கிடந்தால், அது வெறும் மனிதன் என்று ஆகிவிடும். அப்புறம் எங்கள் பையன்களை விசாரிக்க வேண்டி வரும். அவர்கள் களைத்திருக்கிறார்கள்."

பிறகு இருசப்பனைத் தனியே கூப்பிட்டார். கிராணி கூட வந்தார், கையில் ஒரு பால் டின்னோடு.

"இவன்தான் உடும்பு என்று சொல். அந்தப் பெயர் இவனோடு போய்விடும். உன் பிள்ளைக்குப் பட்டப்பெயர் இல்லை என்று ஆகும். பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. இந்த டின்னை இப்போதே வாங்கிக்கொண்டு போகலாம்."

வேலம்மா லோரிப் பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. இருசப்பன் டின்னைப் பார்த்தான். பிணத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"இவரு சூசைமுத்துங்க. என் பக்கத்து வீடு. துரைதான் உடும்பு புடிச்சாரச் சொல்லி அனுப்புனாரு."

துப்பாக்கிக் கட்டை அவன் வாயில் இறங்கியது. இரண்டு பல் மண்ணில் விழுந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னான். பல் இல்லாததால் காற்றும் ரத்தமும்தான் வந்தது. இந்த முறை விலாவில் விழுந்தது. அவன் மண்டியிட்டான்.

"அந்தச் சூசைமுத்துவுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா?" என்றார் துரை.

ஃப்ளோராவைக் கொண்டுவந்து பிணத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். துரை கேள்வியைக் கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். குரல் வழக்கம்போலப் பிரசங்கம்தான், முகத்திலும் மாற்றமில்லை.

"ஃப்ளோரா, நான் சொல்றத கேள்வி மாதிரியே கேட்டுக்க. ஆமான்னு சொன்னா நீ காட்டுக்காரன் பொண்டாட்டி. நாளைக்கே உன்னையும் நாலு பிள்ளைகளையும் தடுப்புக் கேம்புக்கு ஏத்திருவாங்க. இல்லன்னு சொன்னா உங்க கார்டு அப்படியே இருக்கும், அரிசி வரும். இவருக்கு என்னால இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுச் சொல்லு. நான் இன்னும் கேள்வியக் கேட்டு முடிக்கலன்னு துரை நினைச்சுக்கிட்டிருக்காரு."

ஃப்ளோரா பார்த்தாள். ஈ மொய்த்த இடத்தில் கை போகப் பார்த்தது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இவரு என் புருசன் இல்லைங்க" என்றாள். "என் புருசன் சுங்கை ஆயர் தாவாருக்கு அவங்க அக்காவப் பார்க்கப் போயிருக்காரு."

"அனுமதி பெற்றா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துரைதான் வாயால கொடுத்தாரு. கிராணி ஐயாவுக்கும் தெரியும்."

கொக்குத் துரையின் முகம் தெளிந்தது. "உண்மைதான். சூசைமுத்து என்பவருக்கு வெளியே போக நான் அனுமதி கொடுத்தது நினைவிருக்கிறது. இவன் அவராக இருக்கவே முடியாது. என் அனுமதி பெற்றவரை யாரும் சுட மாட்டார்கள்."

இருசப்பனிடம் திரும்பவும் கேட்டார்கள். அவன் ஃப்ளோராவைப் பார்த்தான். அவள் அவனுடைய கிழிந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை அசைக்காமல் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

"தெரியாத ஆளுங்க" என்றான்.

"அடித்தால் ஞாபகசக்தி வளர்கிறது" என்று இன்ஸ்பெக்டர் துரையிடம் சொன்னார்.

ஆக, செத்தவன் உடும்பு. ஆனால் துரை தன் சட்டத்தை யாருக்காகவும் தளர்த்துகிறவர் இல்லை. பட்டப்பெயர் இருந்தால் அதற்குப் பொருத்தமான முறையான பெயரும் வேண்டும். பயங்கரவாதியானாலும் அதுதான் ஒழுங்கு. குழு அந்தத் திடலிலேயே கூடியது. துரை குனிந்து உடும்பை முதன்முதலாகப் பார்த்தார். தோலைப் பென்சிலால் தொட்டார். அது நாக்கை நீட்டியது. நாக்கு பிளந்திருந்தது.

"மண்டோர் சொன்னது சரிதான். நாகராஜன் பொருத்தம்" என்றார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நல்லசாமியின் கைதான் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. நாகராஜன் என்கிற உடும்பு சுட்டுக் கொல்லப்பட்டான் என்று கிராணி உரக்க வாசித்தார். சாட்சி இனித் தேவையில்லை என்பதால் கான்ஸ்டபிள் உடும்பின் மண்டையில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அது சாக ரொம்ப நேரமாயிற்று. பிணத்தை ஸ்டேசனுக்குப் பின்னால், சிலுவையும் இல்லாமல் சாம்பிராணியும் இல்லாமல் புதைக்க இழுத்துப் போனார்கள்.

"இப்போது உன் பிள்ளை" என்றார் துரை, நல்ல மனநிலையில். "அதற்குப் பட்டப்பெயரும் இல்லை, முறையான பெயரும் இல்லை. சுத்தமாக இருக்கிறது. என்ன பெயர் வைக்கிறாய்?"

இருசப்பன் வாயில் நிரம்பியிருந்ததைத் துப்பினான்.

"சூசைமுத்து."

கிராணி அதைச் சொல்லாமல் நின்றார். துரை அவரைப் பார்த்தார்.

"அது வேறொருவர் பெயர் அல்லவா?"

"ஒரு பேர எத்தனை பேர் வேணும்னாலும் வச்சிக்குவாங்க, துரை" என்றார் கிராணி. அவர் குரலில் அன்று முதன்முறையாகப் பிரசங்கம் இல்லை.

"எதற்குப் பொருத்தம் அது?"

"எதுக்கும் இல்லைங்க" என்றான் இருசப்பன்.

எதற்கும் பொருந்த வேண்டியதில்லை என்பதால் பெயர் அனுமதிக்கப்பட்டது. பால் டின்னைக் கொடுப்பதற்கு முன், காட்டுக்காரர்கள் சேமித்து வைக்க முடியாதபடி ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள்.

லோரி புறப்பட்டது. ஓட்டை வழியே பால் இருசப்பன் கையெல்லாம் வழிந்தது. வேலம்மா தன் விரலை அதில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உதடு அசைந்தது. அப்புறம் பிள்ளை அவள் விரலை இழுத்துச் சப்பியது, சத்தம் வருகிற அளவுக்கு.

எதிரில் ஃப்ளோரா நாலு பிள்ளைகளையும் அணைத்து உட்கார்ந்திருந்தாள். பின்கதவில் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு நின்றான். அவள் புருசன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். ஊருக்குப் போன புருசனுக்காக ஒருத்தி அழ முடியாது. மூத்தவன் "அப்பா" என்று ஆரம்பித்தபோது அவன் வாயைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

வேலம்மா அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஆடுகிற லோரியில் தடுமாறிப் போய், பிள்ளையை ஃப்ளோராவின் மடியில் போட்டாள்.

"உங்க பிள்ளைதானே அக்கா" என்றாள். குனிந்து, லோரி முழுக்கக் கேட்கும்படி பிள்ளையைக் கூப்பிட்டாள். "சூசைமுத்து."

ஃப்ளோரா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"சூசைமுத்து" என்றாள் மெதுவாக. இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை குரல் உடைந்து, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அலறினாள்.

கான்ஸ்டபிள் திரும்பினான். சின்னப் பையன், மலாய்க்காரன். "அப்பா பசால்?", என்ன ஆயிற்று என்று மலாயில் மிரண்டுபோய்க் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் வேலம்மா. "பிள்ளைக்குப் புதுசாப் பேர் வச்சிருக்கு. கூப்பிட்டுப் பழகுறா."

அவன் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தான். லோரி பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டுவதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பழகத் தொடங்கினார்கள்.